நத்தை புளோவரும் ஒரு சாண் கதவும்

"ஜன்னலை மூடிக்கொள்ளுங்கள்."

நான்கு முறை எழுத்தில் கொடுத்த புகாருக்கு, ஓர் அரசு அலுவலகத்தின் முகப்பு மேசையிலிருந்து எனக்குக் கிடைத்த பதில் இந்த இரண்டு சொற்கள்தான். சொன்னவர் என் நான்காவது கடிதத்தைப் பிரிக்கவில்லை. அதன்மேல் தேநீர்க் குவளையை வைத்துவிட்டுச் சொன்னார். விவாத மேடையில் எதிரணியின் வாதத்தை அரை நிமிடத்தில் மடக்கப் பழகியவள் நான். அன்று திரும்பி வெளியே நடந்தேன். வாதம் என்று ஒன்று இருந்தால்தானே மறுக்க முடியும்?

எங்கள் வீட்டில் ஜன்னல்கள் இரண்டு. அவற்றை மூடி மாதங்களாகிவிட்டன. மூட முடியாதவை சுவரின் உச்சியில் இருந்தன. மலேசியாவின் பத்து காஜா ஊருக்கு அப்பால், பால்மரமான ரப்பர் அழிந்து செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தில், இடிக்காமல் விட்டுவைத்த லயத்தின், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையின், கடைசி வீடு எங்களுடையது. கூரைத் தகரத்துக்குக் கீழே, நான்கு சுவர்களிலும் துவாரக் கற்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. வெக்கை வெளியேறட்டும் என்று அன்றைக்குக் கட்டியவர்கள் வைத்தவை. அந்தத் துவாரங்கள் வழியாகத்தான் புகை வந்தது.

புகை எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் ஏதும் இல்லை. லயத்துக்குப் பின்புறம், செம்பனை வரிசை முடியும் இடத்தில், பழைய சாமான் சேர்க்கும் கிடங்கு ஒன்று வந்திருந்தது. மின்கம்பிகளுக்குள் இருக்கும் செம்பை எடுப்பதற்காக, மேலுள்ள உறையைக் கொளுத்தினார்கள். பகலில் கொளுத்தமாட்டார்கள். பகலில் அதிகாரிகள் வேலையில் இருப்பார்கள். அலுவலகங்கள் பூட்டிய பிறகு, சரியாக விளக்கு வைக்கும் நேரத்தில், தீ மூட்டுவார்கள். எந்த நேரத்தில் கேள்வி கேட்க ஆள் இருக்காது என்று இத்தனை துல்லியமாகத் தெரிந்தவர்களுக்கு, எந்த நேரத்தில் எங்கள் அம்மா மூச்சு விடுவார் என்று தெரியாதா?

அம்மாவுக்கு இழுப்பு. வாயில் வைத்து உறிஞ்ச மருத்துவர் கொடுத்த மருந்துப் பம்பு எப்போதும் முந்தானையில் முடிந்திருக்கும். அதற்கும் அடங்காதபோது மருத்துவமனையில் முகமூடி வைத்து மருந்தை ஆவியாகக் கொடுப்பார்கள். அதை எங்கள் ஊரில் கேஸ் பிடிப்பது என்பார்கள். அந்த ஆண்டில் அம்மா பலமுறை கேஸ் பிடித்துவிட்டார். ஷா ஆலாம் நகரில், பதினான்காவது மாடியில் குடியிருக்கும் என் அண்ணன் தொலைபேசியில் தீர்ப்பு வாசித்தான்.

"இன்னொரு தடவ கேஸ் பிடிச்சா, நா வந்து கூட்டிக்கிட்டு போய்டுவேன். பேச்சே கெடையாது."

"ஆடுங்க நாலு இருக்கேய்யா," என்றார் அம்மா.

"லிஃப்டுல ஏத்துங்கம்மா. பதினாலாவது மாடியில காத்தோட்டமா மேயட்டும்."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய், நெடுநேரம் அங்கேயே நின்றார். காலையில் ஆடுகளைச் செம்பனை நிழலுக்கு ஓட்டிச் செல்வதும், மாலையில் பெயர் சொல்லி அழைத்து வருவதும்தான் அவருடைய நாள். அந்த நாளை அவரிடமிருந்து பறிக்கப்போவது அண்ணன் என்று நான் நினைக்கவில்லை. பறிப்பவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் செம்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். துவாரக் கற்களை எல்லாம் பிளாஸ்டிக் விரிப்பால் அடைப்பது. ஒரே ஒரு வாய் மட்டும் விட்டு, அதில் பிளைவுட் பெட்டி ஒன்றைப் பொருத்துவது. அதனுள் வடிகட்டி, அதன் பின்னே காற்றாடி. வெளிக்காற்றை வடிகட்டி வழியாக இழுத்து, அம்மா படுக்கும் முன்னறைக்குள் தள்ளவேண்டும். அறைக்குள் காற்று நிரம்பி அழுத்தம் கூடினால், மீதமுள்ள இடுக்குகளில் காற்று வெளியேதான் போகும்; புகை உள்ளே நுழையாது. இதற்கென விற்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. அவை எங்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. நாங்களே செய்துகொள்ள வேண்டியதுதான்.

போட்டிக்குத் தயாராவதுபோல் தயாரானேன். காணொளிகள் பார்த்தேன். குறிப்பட்டைகள் எழுதினேன். எதிர்க்கேள்விகளையும் அவற்றுக்கான மறுப்புரைகளையும் எழுதி வைத்தேன். ஈப்போவில் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். மதிய உணவு நேரத்தில், அட்டைகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தொழிற்சாலைக் காற்றாடிகள் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். கடையில் இருந்தவருக்கு என் அண்ணன் வயதிருக்கும். கையெல்லாம் கிரீஸ்.

"வாங்க தங்கச்சி, என்னா வேணும்? வீட்டுல அண்ணன் யாரும் வரலையா?"

அந்தக் கேள்வி என் காதில் விழுந்த கணமே அரங்கம் அமைந்துவிட்டது. இத்தனை ஆண்டுகள் மேடையேறிய பிறகும், ஒரு காற்றாடி வாங்க எனக்குத் துணைக்கு ஓர் ஆண்மகன் வேண்டுமா?

"அண்ணன் வந்தா காத்து கூட வருமா, அண்ணே?"

நீர்ப்பம்பு வாங்க வந்திருந்த ஒருவர் பெரிதாகச் சிரித்தார். "வாங்கிக் கட்டிக்கிட்டியா மச்சான்!"

கடைக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. குழாய்க்குள் பொருத்தும் இறக்கைக் காற்றாடி ஒன்றைச் சுட்டிக் காட்டினேன். அலமாரியில் இருந்தவற்றுள் அதன் பெட்டியில்தான் காற்றின் அளவு மிகப் பெரிய எண்ணாக அச்சிடப்பட்டிருந்தது. அதனுடன் நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டிகளில் இருப்பதிலேயே அடர்த்தியானதையும் கேட்டேன். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒன்று இருந்தது.

"ரெண்டும் சேராதே தங்கச்சி," என்றார். "அந்த நம்பரு முன்னால ஒன்னும் இல்லாதப்ப வர்ற காத்து. இவ்வளவு திக்கான ஃபில்டர வச்சா..."

"ஒரு நிமிஷம் அண்ணே. பெட்டியில போட்டிருக்கிறது பொய்னு சொல்றீங்களா?"

"பொய்னு இல்ல..."

"உண்மைன்னா ஏன் தடுக்கிறீங்க? பொய்யின்னா ஏன் விக்கிறீங்க?"

பம்பு வாங்க வந்தவர் மேசையைத் தட்டினார். கடைக்காரர் இரு கைகளையும் உயர்த்திவிட்டார். "போலே லா, ஆகட்டும், கட்டித் தரேன். நீங்க பேசுனா நா எங்க பேசுறது?"

வென்றேன். பேருந்தில் அந்தப் பெட்டியை வெற்றிக் கோப்பைபோல் மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

இரண்டு மாலைகளில் வேலை முடிந்தது. வீட்டின் பின்சுவரில், ஏணி எட்டும் இடத்தில் பெட்டியைப் பொருத்தினேன். அங்கிருந்து ஒரு குழாயை முன்னறைவரை இழுத்தேன். இடுக்குகளைச் சிலிகோன் பூசி அடைத்தேன். விசையைத் தட்டியதும் காற்றாடி மெல்ல ரீங்கரித்தது. அம்மா கட்டிலில் அமர்ந்து குழாயின் வாயைப் பார்த்தார்.

"ஜில்லுன்னு வருது லா," என்றார்.

நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்? நான் தேர்ந்தெடுத்தது, நான் வாதாடி வாங்கியது.

மூன்றாம் நாள் அந்தியில், நான் வேலையிலிருந்து திரும்பியபோது கிடங்கில் தீ ஏறியிருந்தது. காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கட்டிலின் விளிம்பில், இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்கள் ஏறி இறங்க அமர்ந்திருந்தார். பம்பு தரையில் கிடந்தது. அடுத்த வீட்டு அக்காவின் காரில் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். முகமூடி வைத்தார்கள். நிறம் திரும்பியதும் அம்மா அதைச் சற்றே விலக்கி, நான் கேட்காமலே சொன்னார்:

"ஒன் காத்தாடி நல்ல காத்தாடிதான்டி. பொகைதான் மோசம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஜில்லென்று எதுவும் வரவில்லை. நான் இத்தனை பேசி வாங்கி வந்த ஒன்றைக் குறை சொல்ல மனமில்லாமல், மூன்று மாலைகள் அந்தப் புகையை அம்மா சுவாசித்திருக்கிறார். என் பேச்சு கடைக்காரரின் வாயை அடைத்தது போதாதென்று, பெற்றவளின் வாயையும் அடைத்துவிட்டது. அன்றுவரை என் கோபமெல்லாம் வேலிக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. அன்று அது முதல்முறையாக வீட்டுக்குள் திரும்பியது.

அண்ணனுக்குச் செய்தி போய்விட்டது. "சனிக்கெழம வாரேன். அம்மா துணிமணிய எடுத்து வை," என்றான். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

மறுநாள் காலையில் குழாயின் வாயில் ஒரு மெல்லிய திசுத்தாளைப் பிடித்துப் பார்த்தேன். அசையாமல் தொங்கியது. ஏணியேறி வடிகட்டியைக் கழற்றிவிட்டுப் பிடித்தேன். கையிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்தது. மறுபடி மாட்டினேன், மறுபடி தொங்கியது. கடைக்காரர் முடிக்காமல் விட்ட வாக்கியத்தின் மீதி அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வாக்கியத்தை முடிக்கவிடாமல் செய்தவள் நான். ஒன்றும் தடுக்காத வெட்டவெளியில் அளந்த எண்ணை, அதற்கு ஒரு வரி விளக்கம்கூடத் தராமல், பெரிதாக அச்சிட்டு விற்பவர்கள்மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. அந்த விளக்கத்தைச் சொல்ல வந்த ஒரே மனிதரை இடைமறித்தவளுக்கு அந்தக் கோபத்தை அவர்கள்மீது மட்டும் வைத்துக்கொள்ளும் தகுதி இல்லை.

அன்று மதியம் மீண்டும் கடைக்குப் போனேன். குறிப்பட்டை எதுவும் எடுத்துப் போகவில்லை.

"அண்ணே, அன்னைக்கு நீங்க சொல்ல வந்தத நா முடிக்க விடல. இப்ப சொல்லுங்க."

அவர் அலமாரிப் பக்கம் திரும்பினார். பிறகு நான் வாங்கியதைப் போன்ற இறக்கைக் காற்றாடி ஒன்றை மேசைமேல் வைத்து ஓடவிட்டார். "உள்ளங்கைய வச்சி முன்னால மூடுங்க."

மூடினேன். காற்றாடி சளைக்காமல் சுற்றியது. காற்று மட்டும் நின்றுவிட்டது. இறக்கைகளின் ஓரமாகவே அது பின்னுக்குத் திரும்பி ஓடுவதை மணிக்கட்டில் உணர்ந்தேன். அடுத்து நத்தை ஓடுபோல் சுருண்ட வடிவில் ஒரு புளோவரை ஓடவிட்டார். அதன் வாயை மூடியபோது என் உள்ளங்கையைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

"இது முட்டி மோதித் தள்ளும். நம்பரு கம்மிதான். ஆனா ஃபில்டரு தடுத்தாலும் விடாது. பெட்டியில சின்ன எழுத்துல பிரஷர்னு ஒன்னு போட்டிருக்கும், அதத்தான் பாக்கணும்."

அப்படியானால் இருப்பதிலேயே பெரிய நத்தையைக் கொடுங்கள் என்றேன். அவர் தலையாட்டி மறுத்தார். "அம்மா பக்கத்துல படுக்கணும்ல? பெருசு லோரி மாதிரி கத்தும். நடுவுல உள்ளத எடுத்து, வேகத்தக் கொறைச்சி ஓட்டுங்க." வடிகட்டிக்கும் அதே நியாயம்தான். சின்னத் தட்டுக்குப் பதிலாக, மடிப்பு மடிப்பாக அமைந்த அகலமான ஒன்றை எடுத்து வைத்தார். பரப்பு கூடினால் காற்று பல வழிகளில் பிரிந்து நுழையும், தடை குறையும். அதற்கு முன்னால் தூசியையும் ஆட்டு முடியையும் பிடிக்க, கழுவி மாட்டக்கூடிய ஒரு வெள்ளைப் பஞ்சுப் பாய். பின்னால் நெடியை உறிஞ்ச மெல்லிய கரித்தாள்.

"நெடி முழுசா போகாது தங்கச்சி. பொய் சொல்ல மாட்டேன். ஆமா, பெட்டிய எந்தப் பக்கம் வச்சிருக்கீங்க?"

"பின்னால."

"பொகை எந்தப் பக்கம்?"

"அதுவும் பின்னாலதான்," என்று சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவர் அதற்குமேல் கேட்கவில்லை. புளோவரைத் தூக்கி என் கையில் வைத்தார். கை தாழ்ந்தது.

"பாத்தீங்களா கனத்த? ஒருத்தர் புடிக்க ஒருத்தர் முடுக்கணும். அதுக்குத்தான் அன்னைக்கு அண்ணன் வரலையான்னு கேட்டேன்."

"அக்கா வரலையான்னும் கேட்டிருக்கலாம்ல?"

கிரீஸ் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அதுவும் நியாயந்தான் லா."

அடுத்த வீட்டு அக்காதான் பிடித்தார், நான் முடுக்கினேன். இந்த முறை பெட்டியைக் கிடங்குக்கு எதிர்ப்புறமாக, முன்சுவரின் ஓரத்தில் வைத்தோம். பின்சுவரில் இருந்த ஓட்டையை அடைத்தோம். குழாயே தேவைப்படவில்லை. விசையைத் தட்டியதும் திசுத்தாள் குறுக்காக எழுந்து நின்று படபடத்தது. "ஓய், ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுது!" என்றார் அக்கா.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோது அம்மா ஒரு கேள்வி கேட்டார். "வெளக்கு வைக்கிறப்ப கதவு?"

சாமி படங்கள் அந்த முன்னறையில்தான் இருந்தன. அந்தியில் விளக்கேற்றும்போது வாசற்கதவைத் திறந்து வைப்பார்; லெட்சுமி வரும் நேரம். கிடங்கில் தீ மூட்டுவதும் அதே நேரம்தான். கதவை விரியத் திறந்தால் எந்தப் புளோவராலும் தாக்குப்பிடிக்க முடியாது. என்னிடம் மறுப்புரைகள் வரிசையில் நின்றன. அத்தனையையும் விழுங்கிவிட்டு, நிலைமையை மட்டும் சொன்னேன். முழுக்கத் திறந்தால் புகை வரும். கொஞ்சமாகத் திறந்தால், உள்ளேயிருந்து போகும் காற்று அதைத் தடுக்கும்.

அம்மா கதவருகே போய், கையை விரித்து இடைவெளியை அளந்தார்.

"ஒரு சாண் போதும். லெட்சுமி என்ன, ஒங்கண்ணன் மாதிரி குண்டா?"

சனிக்கிழமை பிற்பகலில் அந்தக் குண்டு அண்ணன் வந்து சேர்ந்தான். அம்மாவின் துணிப்பை கட்டிலின் கீழே தயாராக இருந்தது. இந்தப் பெட்டியும் தோற்றால் போகாமல் பின்வாங்கக்கூடாது என்று அம்மாவே எடுத்து வைத்திருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன். புளோவரின் தேர்வு, வடிகட்டியின் பரப்பு, வாயின் திசை. முன்னுரை மனத்தில் தயாராக இருந்தது.

"நீ பேசாத," என்றார் அம்மா. "அவன் ஒக்காந்து பாக்கட்டும்."

உட்கார்ந்தோம். விளக்கு வைக்கும் நேரம் ஆனது. செம்பனைகளுக்கு மேலே கரும்புகை எழுந்தது. அண்ணன் வண்டியில் விட்ட தொலைபேசியை எடுக்க வெளியே போனவன், சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமியபடி திரும்பினான். "என்னாடி இது! மனுசன் இருக்கிற எடமா இது?"

அம்மா விளக்கை ஏற்றினார். கதவை ஒரு சாண் திறந்தார். ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்து அண்ணன் கையில் கொடுத்து, இடைவெளியில் பிடிக்கச் சொன்னார். ஊதுபத்தியின் புகை ஒரு கணம் தயங்கியது. பிறகு நூல்போல நீண்டு, வெளியே, அந்தக் கருப்பை நோக்கிப் போனது. அண்ணன் கையைக் கீழே இறக்கினான், மேலே உயர்த்தினான். எங்கே பிடித்தாலும் அது வெளியேதான் போனது. இலேசான நெடி இருந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வாக்கியத்தின் நடுவே அவருக்கு மூச்சு அறுபடவில்லை.

அண்ணன் ஊதுபத்தியைச் சாமிக்கு முன்னால் குத்தி வைத்தான். இரவுச் சாப்பாட்டின்போது, "இன்னும் ஒரு மாசம் பாப்போம்," என்றான். "அந்த ஃபில்டர மாத்துறது யாரு?"

"நான்தான்," என்றேன். அந்த மாலை நான் பேசிய ஒரே சொல்.

அந்த ஒரு மாதம் முடிந்துவிட்டது. அம்மா கேஸ் பிடிக்கவில்லை. துணிப்பையைப் பிரித்து அலமாரியில் வைத்துவிட்டார். அந்தியில் அடுத்த வீட்டு அக்கா தன் பிள்ளையுடன் எங்கள் முன்னறையில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அந்தப் பிள்ளைக்கும் இருமல். லயத்தில் இன்னும் ஐந்து வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள். ஐந்து வீட்டுக்கும் நான் ஐந்து நத்தைகளைச் சுமந்து வரவேண்டுமா? கொளுத்துகிறவர்கள் கொளுத்திக்கொண்டே இருக்க, மூச்சு விடுகிறவர்கள்தான் பெட்டி செய்து கற்றுக்கொள்ள வேண்டுமா?

வடிகட்டிக்கு முன்னால் இருந்த பஞ்சுப் பாயைக் கழுவுவதற்காகக் கழற்றினேன். வாங்கியபோது வெள்ளை. இப்போது அடுப்படிச் சுவரின் நிறம். கழுவவில்லை. மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்து, அதைச் செய்தித்தாளில் சுற்றி, அந்த அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். அதே முகப்பு, அதே மனிதர், அதே குவளை. ஐந்தாவது கடிதத்தை வைத்தேன். அதன்மேல், அவருடைய குவளை வந்து அமர்வதற்குள், பாயை விரித்தேன்.

அவர் குவளையைச் சட்டெனத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "என்ன இது?"

"நீங்கள் சொன்னபடி ஜன்னலை மூடினோம்," என்றேன்.

அவர் ஒரு விரலால் பாயைத் தொட்டுப் பார்த்தார். விரலைப் பார்த்தார். பிறகு பாயை ஓரமாக நகர்த்தி, அடியில் இருந்த கடிதத்தை எடுத்துப் பிரித்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவர் கடைசி வரி வரை படித்து முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.